டேட்டா கேபிள் மட்டும்

சலவைக்கடைக்கு மேலே, முதல் மாடியில் இருந்தது அந்தக் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை. ஒரு மேஜை போட்டு, பக்கத்தில் ஒரு ஆள் ஒதுங்கி நிற்கலாம். அவ்வளவுதான் அகலம். நீளம் மட்டும் தாராளம். கீழேயிருந்து இஸ்திரிப் பெட்டியின் சூடு தரை வழியாக ஏறி வரும். கடைக்காரருக்கு அப்பா அம்மா வைத்த பேர் ஒன்று இருக்கத்தான் செய்தது. ஆனால் அது வாடகைப் பத்திரத்தைத் தாண்டி வெளியே வந்ததில்லை. தெருவே அவரைச் சீட்டுக்காரர் என்றுதான் கூப்பிடும். புதிதாகக் குடிவந்தவர்கள், பாவம், மனுஷன் உட்கார்ந்து சீட்டாடுவார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு கொஞ்ச நாள் அவரிடம் முகம் கொடுத்தே பேசமாட்டார்கள்.

விஷயம் அதுவல்ல. அவருக்கு மறதி அதிகம். மனைவி நாலு சாமான் சொல்லி அனுப்பினால் இரண்டை வாங்கிக்கொண்டு, வாங்காத ஒன்றை வாங்கிவிட்டதாகச் சாதிக்கிற ரகம். தொழிலில் அது ஆகாதே! அதனால் எந்தப் பெட்டியைத் திறந்தாலும், மூடுவதற்கு முன்னால், என்ன செய்தோம், எந்தத் தேதியில் செய்தோம், யார் சொல்லிச் செய்தோம் என்று ஒரு சின்னச் சீட்டில் எழுதிப் பக்கத் தகட்டின் உட்புறத்தில் ஒட்டிவிடுவார். அடுத்த தடவை அந்தப் பெட்டி வந்தால் தகட்டைக் கழற்றிச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, சீட்டைப் பார்த்துக்கொண்டே வேலை செய்வார். ஊரிலுள்ள பாதிக் கம்ப்யூட்டர்களின் வயிற்றுக்குள் அவருடைய உருண்டை எழுத்து இருந்தது.

ஒரு திங்கட்கிழமை காலை, பதினொரு மணி இருக்கும். பழைய படுக்கை விரிப்பில் கட்டிய ஒரு பெட்டியைச் சுமந்துகொண்டு ஒரு பெண் படியேறி வந்தாள். நாற்பது, நாற்பத்திரண்டு வயது. மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது. உதவிக்கு எழுந்தவரைக் கையால் தடுத்துவிட்டு, தானே மேஜைமேல் வைத்து முடிச்சை அவிழ்த்தாள்.

"இதுல டிஸ்க் போடற டிரைவ் வேலை செய்யல, சார். பட்டனை அமுக்கினா தட்டு வெளியே வருது. விளக்குகூட எரியுது. ஆனா கம்ப்யூட்டருக்கு மட்டும் அப்படி ஒண்ணு இருக்கறதே தெரியல."

"எத்தனை நாளா?"

"மூணு வருஷமா."

சீட்டுக்காரர் சிரித்துவிட்டார். "மூணு வருஷமா பல்வலியை வச்சுக்கிட்டு இப்பதான் டாக்டர்கிட்ட வர்றீங்களா மேடம்?"

அவள் சிரிக்கவில்லை. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, கைப்பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "சின்னக் கோளாறா, பெரிய கோளாறா? எனக்கு அது தெரிஞ்சா போதும்."

"அட, தட்டு வருது, விளக்கு எரியுதுன்னா உசுரோட இருக்குன்னு அர்த்தம். இதெல்லாம் நமக்குப் பத்து நிமிஷ வேலை."

வழக்கமாக இந்த வசனத்தைக் கேட்டதும் எதிரில் இருப்பவர் முகம் மலரும். இவள் முகம் சுண்டிப் போனது. பத்து நிமிஷம் என்று சொன்னதற்கு ஒருத்தி வருத்தப்படுவாளா என்று அவருக்குக் குழப்பம். நேரம் அதிகமென்று நினைத்துவிட்டாளோ என்னவோ!

அவருடைய வைத்தியத்துக்கு ஒரு முறை உண்டு. எடுத்ததும் ஸ்க்ரூவைத் தொடமாட்டார். முதலில் திரையில் பார்க்க வேண்டியதையெல்லாம் பார்த்து முடிக்க வேண்டும். பெட்டியைத் திறப்பது கடைசி. பெட்டியைத் தன் திரையோடு இணைத்து உயிர் கொடுத்தார். பட்டியலில் டிரைவ் இல்லை. கருவிகளெல்லாம் வரிசையாக இருக்கிற இடத்தில் போய்த் தேடினார். ஒலி இருந்தது, கீபோர்டு இருந்தது, என்றோ தூக்கிப்போட்ட ஒரு பிரிண்டரின் பேர்கூட இருந்தது. டிஸ்க் டிரைவ் மட்டும் இல்லை.

"ஏன் மேடம், இந்தக் காலத்துல யாரு டிஸ்க் போடறாங்க? ஏதாவது பழைய டிஸ்க் பார்க்கணும்னா எங்கிட்ட கொடுங்க. என் மிஷின்ல போட்டு, பென் டிரைவ்ல ஏத்திக் கொடுத்துடறேன். எதுக்கு இதோட மல்லுக்கட்டணும்?"

"இல்ல சார். இந்த மிஷின்லதான் பார்க்கணும்."

"எதுல பார்த்தா என்ன?"

அவள் கைப்பையின் வாரை இழுத்து இழுத்து விட்டாள். சொல்லலாமா வேண்டாமா என்று மென்று விழுங்குவது தெரிந்தது. பிறகு ஒரேயடியாகச் சொல்லிவிட்டாள்.

அவள் காது கேளாத பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருகிற டீச்சர். அந்தப் பயிற்சிக்கு அவள் பதினொரு வருஷம் காத்திருந்தாள். இடம் கிடைத்தபோது மகளுக்குப் பதினாலு வயது. வேறு ஊரில் இரண்டு வருஷம் தங்கிப் படிக்க வேண்டும். "நீ போ, வீட்டை நாங்க பார்த்துக்கறோம்" என்று வண்டி ஏற்றிவிட்டவர் கணவர். அவர் லிஃப்ட் மெக்கானிக். பத்து மாடி லிஃப்டைப் பிரித்து மாட்டுகிறவர், வீட்டுக் கம்ப்யூட்டரைத் தொட மட்டும் பயப்படுவார். மாதம் ஒரு தடவை அவள் வீட்டுக்கு வருவாள். முதல் வருஷம் முடிய இன்னும் மூன்று மாதம் இருந்தபோது அவருடைய கம்பெனியில் எல்லோருக்கும் உடம்பு பரிசோதனை செய்தார்கள். நெஞ்சை ஸ்கேன் எடுத்து, டிஸ்க்கில் போட்டுக் கொடுத்தார்கள்.

"அந்த மாசம் வீட்டுக்கு வந்தப்ப டிஸ்க்கைப் போட்டுப் பார்க்கலாம்னேன். 'ஒண்ணும் இல்லைன்னு சொல்லிட்டாங்க, தவிர டிரைவ் வேற செத்துப்போச்சு'ன்னார். என் பாட டிஸ்க்குங்களையும் போட முடியல. கடைக்கு எடுத்துட்டுப் போங்கன்னு சொன்னேன். ஒவ்வொரு மாசமும் சொன்னேன். சரி சரின்னார். நானே தூக்கிட்டு வந்திருக்கலாம். ரெண்டு நாள் லீவுல வர்றோம், துணி துவைக்கவே சரியா இருக்குன்னு விட்டுட்டேன்."

படிப்பு முடிந்து அவள் வீடு திரும்பிய இரண்டாவது மாதம் அவருக்கு இருமலில் ரத்தம் வந்தது. நுரையீரலில் கட்டி. முற்றிவிட்டது என்றார்கள். பழைய ஸ்கேன் ஏதாவது இருக்கிறதா என்று டாக்டர் கேட்டபோது, அது எங்கேயோ தொலைந்துவிட்டது என்று அவர்தான் பதில் சொன்னார். ஆறு மாதத்தில் போய்ச் சேர்ந்துவிட்டார். அதுவும் ஆயிற்று ஒரு வருஷத்துக்கு மேல். போன வாரம் அவருடைய டூல்ஸ் பெட்டியை ஒழித்தபோது அடித்தட்டில், கிரீஸ் துணிக்குக் கீழே அந்த டிஸ்க் கிடைத்தது.

"அதுல என்ன இருக்குன்னு அப்புறம் பார்த்துக்கலாம், சார். முதல்ல எனக்கு இந்த டிரைவுக்கு என்ன ஆச்சுன்னு தெரியணும். சரிபண்ணவே முடியாத கோளாறுன்னா, நான் அன்னைக்கே இங்க வந்திருந்தாலும் ஒண்ணும் ஆகியிருக்காது. என் மேல தப்பில்ல. சின்னக் கோளாறுன்னா..." அவள் கைப்பையின் வாரை மறுபடி இழுத்தாள். "பத்து நிமிஷ வேலைன்னா, அந்தப் பத்து நிமிஷத்தைக் கொடுக்காம நான்தான் அவரை அனுப்பி வச்சுட்டேன்."

சீட்டுக்காரருக்குத் தன் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். இருபத்திரண்டு வருஷத் தொழிலில் ஒரு மிஷின் பிழைக்க வேண்டுமென்று வேண்டிக்கொண்டதுண்டு. செத்துத் தொலையட்டும் என்று வேண்டிக்கொண்டது அன்றைக்குத்தான்.

"நான் பத்து நிமிஷம்னு சொன்னது சும்மா வாய்ப் பேச்சு, டீச்சர். பார்த்தாதான் தெரியும்" என்று பூசி மெழுகினார்.

மறுபடி திரைக்குத் திரும்பினார். டிஸ்க்கில் எழுதுகிற ஒரு பழைய புரோகிராமை எப்போதோ யாரோ நீக்கியிருந்தார்கள். நீக்கிய பிறகும் அது விட்டுப்போன இரண்டு வரிகள் சிஸ்டத்தின் அடியாழத்தில் ஒட்டிக்கொண்டிருந்தன. அந்த இரண்டு வரி இருந்தால் டிரைவ் கண்ணுக்குத் தெரியாமல் போகும். அழித்தால் திரும்பி வரும். இது அவருக்குத் தண்ணி பட்ட பாடு. இதுதான் காரணமென்றால் பத்து நிமிஷம்கூட இல்லை, மூன்றே நிமிஷம். அழித்தார். அணைத்துப் போட்டார். திரை வருகிறவரை அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

டிரைவ் வரவில்லை. அப்பாடா என்றிருந்தது அவருக்கு.

இன்னொரு முறை அணைத்து, சிஸ்டம் எழுந்திருப்பதற்கு முன்னாலேயே வருகிற அந்தக் கறுப்புத் திரையில் நிறுத்தினார். பெட்டிக்குள் என்னென்ன மாட்டியிருக்கிறது என்று மதர்போர்டு தானே எண்ணிச் சொல்கிற இடம் அது. அதிலும் இல்லை. சிஸ்டத்தின் மேல் குற்றமில்லை. டிரைவ் என்று ஒன்று இருப்பதே போர்டுக்குத் தெரியவில்லை. எரிந்திருந்தால் இப்படித்தான் இருக்கும். சந்தோஷமாகவே ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார்.

பக்கத் தகட்டைக் கழற்றி, பழக்கதோஷத்தில் திரும்பிப் பார்க்காமலேயே சுவரில் சாய்த்தார். விளக்கை இழுத்து உள்ளே அடித்தார்.

டிரைவின் பின்பக்கம் பவர் கேபிள் மாட்டியிருந்தது. டேட்டா கேபிள் மாட்டியில்லை. அது போர்டிலிருந்து புறப்பட்டு, பாதி வழியில் மூன்றாக மடிக்கப்பட்டு, நடுவில் பச்சைக் கம்பியால் இரண்டு சுற்றுச் சுற்றி முறுக்கப்பட்டிருந்தது. அதன் நுனியில், தூசி போகாமலிருக்க, ரப்பர் கையுறையிலிருந்து வெட்டிய ஒரு விரல் மாட்டியிருந்தது.

கழற்றிய கேபிளுக்குக் கையுறை விரல் மாட்டுகிறவன் அந்த ஊரில் ஒரே ஒருத்தன்தான். மற்ற கடைக்காரர்கள் அதை வைத்து அவரைக் கேலி செய்வார்கள். "கேபிளுக்கு ஜலதோஷம் பிடிச்சுடுமா?" என்பார்கள்.

 சீட்டுக்காரர் மெதுவாகக் கழுத்தைத் திருப்பிச் சுவரில் சாய்ந்திருந்த தகட்டைப் பார்த்தார். சீட்டு இருந்தது. மஞ்சளடித்துப் போயிருந்தாலும் எழுத்து அழியவில்லை. படித்தார். ஒரு முறைக்கு இரண்டு முறை படித்தார். 

"என்ன சார்?"

பொய் தானாகவே நாக்கில் வந்து நின்றது. இந்த மாதிரிப் பொய் சொல்ல ஒரு மனுஷன் யோசிக்கவே வேண்டியதில்லை.

"செத்துப்போச்சு, டீச்சர். டிரைவோட போர்டு எரிஞ்சிருக்கு. இதை யாராலயும் சரிபண்ண முடியாது. மூணு வருஷத்துக்கு முன்னால நீங்க கொண்டுவந்திருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பேன்."

 அவள் கைப்பைமேல் குனிந்து அழுதாள். சத்தமில்லாமல், தோள் மட்டும் குலுங்க, வெகுநேரம் அழுதாள். ஒன்றேகால் வருஷமாகச் சுமந்ததை இறக்கி வைக்கிற அழுகை என்று அவருக்குப் புரிந்தது. செய்தது நல்ல காரியம் என்று தோன்றியது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கீழே சலவைக்கடைக்காரர் யாருடனோ பித்தான் உடைந்த சட்டைக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்.

"ரொம்ப நன்றி, சார்." முகத்தைத் துடைத்துக்கொண்டு அவள் எழுந்தாள். "எடுத்துட்டுப் போறேன். மூடிக் கொடுத்துடுங்க" என்றவள், அவருக்கு எடுத்துக் கொடுக்கலாமென்று சுவரில் சாய்ந்திருந்த தகட்டை நோக்கிக் கை நீட்டினாள்.

இந்த இடத்தில்தான் சீட்டுக்காரரின் இருபத்திரண்டு வருஷப் பழக்கம் அவரைக் காலை வாரியது. சீட்டு வெளிப்பக்கம் பார்த்திருந்தது. எழுத்து என்று எதைக் கண்டாலும் படிக்காமல் விடாதவள் டீச்சர். குனிந்த நிலையிலேயே வாய்விட்டுப் படித்தாள்.

"மார்ச் பதினாலு. டிஸ்க் டிரைவ் நல்ல நிலை. டேட்டா கேபிள் மட்டும் எடுத்தாச்சு, பவர் அப்படியே. உரிமையாளர் சொல்லி. மறுபடி மாட்டணும், அடுத்த வருஷம் ஜூன், வீட்டுக்காரம்மா படிப்பு முடிஞ்சதும்."

படித்துவிட்டு நிமிர்ந்தாள். கீழே நடந்த சண்டை நன்றாகக் கேட்டது.

"இது உங்க எழுத்தா?"

"ஆமா, டீச்சர்."

"அவர் இங்க வந்தாரா?"

"வந்திருக்கார்."

அவள் கைப்பையைத் திறந்து டிஸ்க்கை எடுத்தாள். வெள்ளைக் காகித உறை. அதன்மேல் தேதி இருந்தது: மார்ச் பதினொன்று. இரண்டு தேதியையும் மாறி மாறிப் பார்த்தாள். மூன்று நாள். கணக்குப் போட அதற்குமேல் ஒன்றுமில்லை.

"அன்னைக்கு எப்படி இருந்தார்? என்ன சொன்னார்? ஏன்னு கேட்டீங்களா?"

சீட்டுக்காரர் மூளையைக் கசக்கிக்கொண்டு யோசித்தார். மூன்று வருஷத்துக்கு முந்திய ஒரு மார்ச் மாதம். ஒரு ஆள். கையில் கிரீஸ் கறை இருந்திருக்கும். கேபிளை எடுக்கச் சொன்னபோது தான் ஏதாவது ஜோக் அடித்திருக்கலாம், அவர் சிரித்திருக்கலாம். எதுவும் அகப்படவில்லை. தன் கையாலேயே செய்த காரியம், தன் கையாலேயே எழுதிய எழுத்து, ஆனால் அந்த முகம் மட்டும் வரமாட்டேன் என்றது. வெட்கமாக இருந்தது.

"ஞாபகம் இல்ல, டீச்சர். மன்னிச்சுடுங்க. ஒரு நாளைக்குப் பத்துப் பேர் வர்றாங்க. ஞாபகம் இருந்தா சொல்லிட மாட்டேனா?"

"மாட்டுங்க" என்றாள் அவள். "அந்தக் கேபிளை மாட்டுங்க. நான் பார்க்கணும்."

பச்சைக் கம்பியைப் பிரித்தார். கையுறை விரலை உருவினார். கேபிள் நுனியை டிரைவின் முதுகில் வைத்து அழுத்தியபோது டிக்கென்று ஒரு சத்தம் வந்தது. ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. திரையில், மூன்று வருஷமாக இல்லாத டிரைவ், எங்கேயும் போகாத மாதிரி வந்து உட்கார்ந்துகொண்டது.

தட்டு நீண்டது. அவள் டிஸ்க்கை வைத்தாள். தட்டு உள்ளே போய்ச் சுழன்றது. முதலில் வந்தவை படங்கள்: கறுப்பு வெள்ளையில் குறுக்கே அரிந்து அரிந்து எடுத்த ஒரு நெஞ்சு. விலா எலும்பின் வளைவுகூடத் தெரிந்தது. அவள் தன்னையறியாமல் திரையைத் தொட்டுவிட்டுக் கையை இழுத்துக்கொண்டாள். கடைசியில் ஒரு பக்க அறிக்கை. சீட்டுக்காரர் எழுந்து போகப் பார்த்தார். "இருங்க" என்றாள்.

வலது நுரையீரலின் மேல்பகுதியில் மூன்று சென்டிமீட்டர் கட்டி. தாமதமில்லாமல் அடுத்த பரிசோதனை தேவை. அதற்கும் கீழே, கையெழுத்துக்கு மேலே, ஒற்றை வரி: முடிவு நோயாளிக்கு நேரில் விளக்கப்பட்டது.

அவள் அந்தக் கடைசி வரியை விரலால் தடவிக்கொண்டே இருந்தாள்.

"தெரிஞ்சிருக்கு. மூணாம் நாளே இங்க வந்து நிக்கிறார் பாருங்க. எவ்வளவு நிதானமா யோசிச்சிருக்கார். தட்டு வெளியே வரணும், விளக்கு எரியணும், படிக்க மட்டும் கூடாது. என் முன்னாடியே எத்தனை தடவை பட்டனை அமுக்கிக் காட்டினார் தெரியுமா? 'பார்த்தியா, வருது, ஆனா படிக்க மாட்டேங்குது'ன்னு!" அவள் குரல் உயர்ந்தது. "என்னை யாருன்னு நினைச்சுட்டார் இவர்? சொல்லியிருந்தா படிப்பை விட்டுட்டு ஓடி வந்திருப்பேன். ஆமா, வந்திருப்பேன்தான்! போனா போகுதுன்னு வந்திருப்பேன். அது என் படிப்பு, நான்தானே முடிவு பண்ணணும்? பதினஞ்சு மாசம், சார். பதினஞ்சு மாசம் பெட்டி படுக்கையைத் தூக்கிட்டு என்னை பஸ் ஏத்திவிட வருவார். மூச்சு வாங்கும். வயசாகுதுடின்னு சிரிப்பார். நானும் சிரிச்சேன்."

 சொல்ல வேண்டிய பொய்யை ஏற்கெனவே சொல்லி முடித்தாயிற்று. சீட்டுக்காரர் தண்ணீர் பாட்டிலை அவள் பக்கம் நகர்த்தி வைத்தார். அந்த மனுஷன் மேல் அவருக்கும் கோபம் வந்தது. ஒரு வார்த்தை, எதற்கு இது என்று ஒரே ஒரு வார்த்தை, தான் கேட்டிருக்கக் கூடாதா என்று தன் மேலும் வந்தது.

அப்போது அவளுடைய போன் அடித்தது. எடுத்துப் பார்த்தவள், கண்ணைத் துடைத்து, தொண்டையைச் செருமி, ஒரு தடவை மூச்சை இழுத்து விட்டுக்கொண்டுதான் காதில் வைத்தாள். கடை சின்னது. எதிர்முனைக் குரல் அவருக்கும் தெளிவாகக் கேட்டது. சின்னப் பெண்ணின் குரல்.

"அம்மா, கடைக்குப் போனியா? டிரைவ் ரெடியாயிடுச்சா? அப்பா டிஸ்க்ல என்ன இருக்கு?"

டீச்சர் திரையைப் பார்த்தாள். மூன்று சென்டிமீட்டர் என்ற எழுத்து அங்கேயே இருந்தது.

"அது செத்துப்போச்சாம்டி" என்றாள். "தட்டு வருது, விளக்கு எரியுது, ஆனா படிக்க மாட்டேங்குது."

"வேற எதுலயாவது போட்டுப் பார்க்கலாம்ல?"

"டிஸ்க்கும் வீணாப்போச்சு. கிரீஸ் பட்டு ஒரேயடியா கெட்டுக் கிடக்கு. ஒண்ணும் தெரியல. நீ பரீட்சைக்குப் படி. சாப்பிட்டியா?"

"ம். அம்மா, அழுதியா?"

"ஜலதோஷம்டி. வை போனை."

வைத்துவிட்டு, போனைக் கையிலேயே பிடித்துக்கொண்டாள். தன் வாயிலிருந்து வந்தது யாருடைய பேச்சு என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அவள் முகத்தைப் பார்த்த சீட்டுக்காரருக்கும் தெரிந்துவிட்டது.

"பொண்ணு. ஹாஸ்டல்ல இருக்கா. முதல் வருஷம்." கோபம் இருந்த இடத்தில் இப்போது வெறும் களைப்புதான் இருந்தது. "நான் ஊர்ல இல்லாத அந்தப் பதினஞ்சு மாசமும் அவர்கூட இருந்தது அவதான், சார். ஒண்ணா சமைச்சாங்க, ஒண்ணா டிவி பார்த்தாங்க, சண்டை போட்டுக்கிட்டாங்க. சினிமாவுக்குக் கூட்டிட்டுப் போகலைன்னு ஒரு வாரம் அவர்கிட்ட பேசாம இருந்திருக்கா. அவருக்கு அப்பவே தெரியும்னு தெரிஞ்சா, ஒவ்வொரு நாளையும் எடுத்து எடுத்துப் பார்ப்பா. அன்னைக்கு அப்பா ஏன் அப்படிச் சொன்னார், இன்னைக்கு ஏன் இருமினார்னு. தூங்க மாட்டா. படிக்க மாட்டா. எல்லாத்தையும் போட்டுட்டு எங்கிட்ட ஓடி வந்துடுவா. என்னை மாதிரிதான் அவளும்."

அவர் தலையாட்டினார்.

"பழையபடி கட்டிடுங்க" என்றாள். "டிஸ்க் உள்ளேயே இருக்கட்டும்."

"டேட்டா கேபிள் மட்டும் எடுத்தா, பட்டனை அமுக்கினா தட்டு வெளியே வந்துடுமே, டீச்சர்."

"இந்தத் தடவை ரெண்டையும் எடுத்துடுங்க."

அவர் பெட்டியை அணைத்தார். இரண்டு கேபிளையும் உருவினார். ஒவ்வொன்றையும் மூன்றாக மடித்துப் பச்சைக் கம்பியால் இரண்டு சுற்றுச் சுற்றி முறுக்கினார். பழைய கையுறை விரல் ஒன்றுதான் இருந்தது. இழுப்பறையிலிருந்து இன்னொரு கையுறையை எடுத்து ஒரு விரலை வெட்டினார். அவள் பக்கத்தில் நின்று, முன்பு அவள் கணவர் நின்று பார்த்திருக்கக்கூடிய இடத்திலேயே நின்று, ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த எண்ணம் வந்ததும் சீட்டுக்காரருக்குக் கண் மறைத்தது. விளக்கைச் சரிசெய்கிற மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பிறகு சீட்டுக் கட்டை எடுத்துத் தேதி போட்டார். டிஸ்க் டிரைவ் நல்ல நிலை என்று எழுதினார். இரண்டு கேபிளும் எடுத்தாச்சு, டிஸ்க் உள்ளே. உரிமையாளர் சொல்லி என்று எழுதும்போது நிமிர்ந்து அவளைப் பார்த்தார்.

"மறுபடி எப்ப மாட்டணும்னு போடட்டும், டீச்சர்?"

அவள் பழைய சீட்டைப் பார்த்தாள்.

"அவ படிப்பு முடியட்டும்" என்றாள்.

அப்படியே எழுதி, பழைய சீட்டுக்குக் கீழே ஒட்டினார். கொஞ்சம் கோணலாகத்தான் ஒட்டியது.